ஒரு சோறு பதமாகுமா?

உளவியல் ஆய்வுகளில் பங்கேற்பாளர் தேர்வு

நுழையும்முன்

மனித மனத்தைப் பற்றிய உண்மைகள் என நூல்களில் இடம்பெறுவன யாவும் யாரோ சிலரை ஆராய்ந்து கண்டறியப்பட்டவையே. அந்தச் சிலர் எவர்? அவர்கள் எவ்வாறு அழைக்கப்பட்டனர்? அழைக்கப்படாதவர் எவர்? ஆய்வு முடிவைப் படிப்போர் பெரும்பாலும் கேட்க மறக்கும் இவ்வினாக்களை இப்பாடம் முன்வைக்கிறது.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது தமிழர் வீடுகளில் இன்றும் வழங்கும் பழமொழி. கொதிக்கும் உலையிலிருந்து அகப்பையால் இரண்டு பருக்கைகளை எடுத்து நசுக்கிப் பார்ப்பவர், பானை முழுவதையும் கொட்டிப் பார்க்க வேண்டியதில்லை. புள்ளியியல் என்னும் அறிவுத்துறை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அடுக்களை கண்டறிந்த உண்மை இது. ஆயினும், அப்பழமொழிக்குள் சொல்லப்படாத நிபந்தனைகள் இரண்டு உள்ளன. பானையில் இருப்பது ஒரே அரிசியாக இருத்தல் வேண்டும்; உலை நன்கு கிளறப்பட்டிருத்தல் வேண்டும். புழுங்கலரிசியையும் பச்சரிசியையும் கலந்து உலையிலிட்டவருக்கு ஒரு சோறு பதம் சொல்லாது.

மனிதக் கூட்டம் அத்தகைய கலப்பு உலையே. அகவை, பாலினம், கல்வி, தொழில், மொழி, வாழிடம், வறுமை, வளமை எனப் பலவகையாலும் வேறுபட்டோர் அதில் உள்ளனர். ஆதலின், மனத்தின் இயல்பை ஆராய முற்படும் உளவியலாளர் எழுப்ப வேண்டிய முதல் வினா 'என்ன கேட்பது?' என்பதன்று, 'யாரைக் கேட்பது?' என்பதே. வினாப்பட்டியல் எத்துணைச் செம்மையாக அமைந்தாலும், அளக்கும் கருவி எத்துணை நுண்மையானதாயினும், பங்கேற்பாளர் தேர்வில் நேர்ந்த பிழையைப் பின்னர்ச் செய்யும் கணக்கீடுகளால் முழுமையாகத் திருத்த இயலாது.

தொகுதியும் கூறும்

ஆய்வாளர் எவரைப் பற்றி முடிவு கூற விரும்புகிறாரோ, அவர்கள் அனைவரும் அடங்கியது முழுமைத் தொகுதி. அத்தொகுதியிலிருந்து உண்மையில் ஆராயப்படும் சிலர் கூறு எனப்படுவர். கூறிலிருந்து பெற்ற முடிவைத் தொகுதி முழுமைக்கும் விரித்துரைப்பதே ஆய்வின் நோக்கம். அவ்வாறு விரித்துரைப்பது பொருந்துமா என்பது, கூறு தன் தொகுதியை ஒத்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 600 மாணவர் பயில்வதாகக் கொள்க. அவர்களிடையே தேர்வு அச்சம் எந்த அளவில் உள்ளது என அறிய விரும்பும் ஒருவர், நண்பகல் இடைவேளையில் நூலகத்தில் அமர்ந்திருக்கும் 50 பேரிடம் வினாப்படிவத்தைத் தருகிறார். பணி அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால், அவ்வேளையில் நூலகத்தை நாடுவோர் படிப்பில் பெருநாட்டம் உடையோராகவோ, தேர்வை எண்ணிக் கலங்குவோராகவோ இருக்கக்கூடும். விளையாட்டுத் திடலில் இருப்போர் கணக்கில் வரவே இல்லை. நூலகத்தை விடுத்து வகுப்பறைகளுக்குச் சென்றாலும் குறை முற்றும் நீங்காது. அன்று பள்ளிக்கு வாராதவர் யாவர்? திருப்புதல் தேர்வு நாளில் வயிற்றுவலி என்று கூறி வீட்டில் தங்கிவிட்ட மாணவரே அவ்வாய்வு தேடும் மாணவராக இருக்கக்கூடும். அச்சத்தை அளக்கப் புறப்பட்ட ஆய்வு, அச்சம் மிகுந்தவரையே தவறவிடுகிறது.

இவ்வாறு கூறு ஒருபக்கம் சாய்ந்துவிடுவதைச் சாய்வு என்பர். கூறின் எண்ணிக்கையைப் பெருக்கினால் சாய்வு நீங்கிவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு என்பதற்கு 1936ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் சான்றாக நிற்கிறது. அத்தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ் ஏறத்தாழ 1 கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட சீட்டுகள் திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்த இதழ், ஆல்ஃபிரட் லாண்டன் வெல்வார் என அறிவித்தது. நடந்ததோ வேறு. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 60 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். 48 மாநிலங்களுள் இரண்டில் மட்டுமே லாண்டன் வென்றார். ஏறத்தாழ 50,000 பேரை மட்டும் வினவிய ஜார்ஜ் கேலப் முடிவைச் சரியாகக் கணித்திருந்தார்.

இதழ் முகவரிகளைத் திரட்டிய இடங்களே பிழையின் ஊற்று. தொலைபேசி விவரத்திரட்டும் மகிழுந்து உரிமையாளர் பட்டியலும் அவற்றுள் முதன்மையானவை. பெரும் பொருளாதார வீழ்ச்சியில் நாடு தவித்த அக்காலத்தில் அவ்விரண்டையும் வைத்திருந்தோர் வசதி படைத்தோரே. சீட்டைப் பெற்றவருள்ளும் நால்வரில் ஒருவருக்கும் குறைவானோரே விடையனுப்பினர். விடை அனுப்பியவரும் அனுப்பாதவரும் ஒரே மனநிலையினர் எனக் கொள்ள இடமில்லை. 20 இலட்சம் என்னும் பேரெண் அவ்விதழுக்குத் தவறான துணிவைத் தந்தது, அவ்வளவே.

குடமும் ஓலையும்

சாய்வைத் தவிர்க்கச் சிறந்த வழி, தெரிவு செய்யும் உரிமையை ஆய்வாளரின் கையிலிருந்து எடுத்துவிடுவதாகும். தொகுதியில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரிவு செய்யப்பட ஒத்த வாய்ப்பை அளிப்பது எளிய சமவாய்ப்புக் கூறெடுத்தல். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுக்கலாம். கணினி உருவாக்கும் சமவாய்ப்பு எண்களையும் பயன்படுத்தலாம்.

தமிழ் மாணவர்க்கு இக்கருத்து முற்றிலும் புதியதன்று. உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) குடவோலை முறையை விரிவாக உரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. குடம் குலுக்கப்பட்டபின், ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அது ஊராட்சிக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யும் முறையே அன்றி ஆய்வுமுறை அன்று. எனினும், அதில் அமைந்த நுட்பம் போற்றத்தக்கது. குடத்தைக் குலுக்குவது உலையைக் கிளறுவதற்கு ஒப்பானது. சிறுவனை எடுக்கச் செய்தது, எடுப்பவரின் விருப்பு வெறுப்பு தலையிடாமல் காத்தது. குடும்புதோறும் தனித்தனியே ஓலை எடுத்ததால் ஊரின் எப்பகுதியும் விடுபடவில்லை. தொகுதியைப் பிரிவுகளாகப் பகுத்து ஒவ்வொரு பிரிவிலிருந்தும் தனித்தனியே தெரிவு செய்வதை இன்றைய புள்ளியியல் படுகைக் கூறெடுத்தல் என்கிறது.

அதே குடவோலை மற்றொன்றையும் கற்பிக்கிறது. ஓலையில் எவர் பெயர் எழுதப்பட்டது? 35 முதல் 70 வரை அகவையுடையோர், வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் வைத்திருந்தோர், சொந்த மனையில் வீடு உடையோர் எனத் தகுதிகள் வகுக்கப்பட்டிருந்தன. நிலமற்றோர் பெயர் அக்குடத்தினுள் விழ வழியே இல்லை. குடம் எத்துணை நேர்மையாகக் குலுக்கப்பட்டாலும், பட்டியலில் இல்லாத பெயர் வெளிவராது. ஆய்வாளரும் குலுக்கலைப் பற்றிக் கவலைப்படும் அளவிற்குப் பட்டியலைப் பற்றியும் கவலைப்படுதல் வேண்டும்.

பட்டியலில் ஒவ்வொரு பத்தாவது பெயரையும் எடுப்பது போன்ற முறைசார்ந்த கூறெடுத்தலும், சில ஊர்களையோ பள்ளிகளையோ முதலில் தெரிவு செய்து அங்குள்ளோரை ஆராயும் கொத்துக் கூறெடுத்தலும் களத்தில் பெரிதும் பயன்படுவன. கூறெடுப்பு முறைகளை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர் பி.சி. மகலனோபிஸ். 1931இல் கொல்கத்தாவில் அவர் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனமும், 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வும் பிற நாட்டவரும் நோக்கிக் கற்ற முன்மாதிரிகள்.

கைக்கெட்டிய மாணவர்

இத்தகைய நெறிகள் வகுக்கப்பட்டிருந்தும், உளவியல் ஆய்வுகளுள் பெரும்பாலானவை அவற்றைப் பின்பற்றுவதில்லை. பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு எளிதில் கிடைப்போர் அவர்தம் மாணவரே. பாடத்தின் ஒரு பகுதியாகவோ, சிறு மதிப்பெண்ணுக்காகவோ, சிறு தொகைக்காகவோ அவர்கள் ஆய்வகத்திற்கு வருவர். இவ்வாறு கைக்கெட்டியோரைக் கொண்டு நடத்துவது வசதிக் கூறெடுத்தல். மனித நடத்தை பற்றிய அறிவியல் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டுக் கல்லூரி மாணவரின் நடத்தை பற்றிய அறிவியலாகவே உள்ளது என்று குவின் மெக்நீமர் 1946ஆம் ஆண்டிலேயே குறைபட்டுக் கொண்டார். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அமெரிக்க உளவியல் கழகத்தின் முன்னணி ஆய்விதழ்கள் ஆறினை ஆராய்ந்த ஜெஃப்ரி ஆர்னெட், பங்கேற்பாளருள் 68 விழுக்காட்டினர் அமெரிக்கர் என்றும், பிற மேலை நாட்டினரையும் சேர்த்தால் அவ்வளவு 96 விழுக்காடு ஆகும் என்றும் 2008இல் எடுத்துக்காட்டினார். உலக மக்கள்தொகையில் அந்நாட்டினரின் பங்கோ ஏறத்தாழ 12 விழுக்காடே.

மனிதர் அனைவரின் மனமும் ஒன்றுபோலவே இயங்குமாயின் இதனால் கேடில்லை அன்றோ என்று வினவலாம். நினைவாற்றல், புலன்காட்சி போன்ற அடிப்படைச் செயல்களிலேனும் மாந்தர் அனைவரும் ஒரே அரிசி என்றே உளவியலாளர் பலர் நெடுங்காலம் நம்பினர். அந்நம்பிக்கையை அசைத்தது இரண்டு கோடுகள்.

ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகளை வரைந்து, ஒன்றின் இரு முனைகளிலும் அம்புத்தலை போன்று உள்நோக்கி மடங்கும் சிறுகோடுகளையும், மற்றொன்றின் முனைகளில் வெளிநோக்கி விரியும் சிறுகோடுகளையும் இட்டால், இரண்டாவது கோடு நீளமானதாகத் தோன்றும். இதுவே முல்லர்-லயர் திரிபுக்காட்சி. உளவியல் நூல்களில் இப்படம் இடம்பெறாத நூல் அரிது. கண்ணின் அமைப்பினாலேயே இது தோன்றுகிறது எனில் உலகத்தார் அனைவருக்கும் ஒரே அளவில் தோன்றுதல் வேண்டும்.

1898ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிற்கும் நியூ கினிக்கும் இடைப்பட்ட டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் ஆய்வுக்குழுவில் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் இடம்பெற்றிருந்தார். அங்குள்ள தீவு மக்கள் இத்திரிபிற்கு ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே ஆட்படுவதை அவர் கண்டார். மூன்றாண்டுகள் கழித்து அவர் நீலகிரிக்கு வந்து தோடர் மக்களிடையே தங்கி ஆராய்ந்தார். அவர்களிடமும் அதே போக்கு தென்பட்டது. வளர்ச்சி குன்றியோர் என அன்றைய ஐரோப்பியர் பலர் கருதிய மக்கள், ஐரோப்பியர் ஏமாந்த இடத்தில் ஏமாறாது நின்றனர். கிடைக்கோட்டையும் செங்குத்துக் கோட்டையும் ஒப்பிடும் மற்றொரு திரிபில் நிலைமை தலைகீழானது; அதில் தீவு மக்களே மிகுதியாக ஏமாந்தனர். ஆகவே, ஒரு சாரார் கூரறிவினர், மறு சாரார் மந்தமானோர் என்னும் எளிய விளக்கம் எவ்வகையிலும் பொருந்தவில்லை. நீலகிரி மலைச்சரிவில் எருமை மேய்த்து வாழ்ந்த தோடர்கள், உளவியலின் முதன்மையான வினா ஒன்றிற்கு இவ்வாறு சான்றளித்தனர் என்பது தமிழகப் பாடநூல்களில் அதிகம் பேசப்படாத செய்தி.

1966இல் மார்ஷல் சீகல், டொனால்டு கேம்பல், மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் ஆகியோர் ஆப்பிரிக்கா முதலிய பல இடங்களில் பதினைந்துக்கும் மேற்பட்ட குழுக்களிடம் இச்சோதனையை நடத்திய முடிவுகளை நூலாக வெளியிட்டனர். அமெரிக்கக் கல்லூரி மாணவர்க்கு இரு கோடுகளும் சமமாகத் தோன்ற, ஒரு கோட்டை மற்றதைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு நீட்ட வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்கப் பகுதியின் கலஹாரியில் வேட்டையாடி வாழும் சான் மக்களிடம் அத்திரிபு ஏறத்தாழ இல்லை என்னும் அளவிற்குக் குறைந்திருந்தது. மூலைகளும் நேர்கோடுகளும் நிறைந்த அறைகளுக்குள் வளர்வதால் கண் அவ்வாறு பழகிவிடுகிறது என அவர்கள் கருதினர். அவ்விளக்கம் சரியா என்பது இன்றும் விவாதத்திற்கு உரியது. ஆனால், ஆய்வகத்தில் அமர்ந்த மாணவரே மனித இனத்தின் அளவுகோல் என்னும் துணிபு அத்துடன் ஆட்டங்கண்டது.

2010இல் ஜோசப் ஹென்ரிக், ஸ்டீவன் ஹெய்ன், ஆரா நோரன்சயான் ஆகிய மூவர், நேர்மை பற்றிய எண்ணம், தன்னைப் பற்றிய கருத்து, இடத்தை அறியும் முறை எனப் பல துறைகளிலும் இத்தகைய வேறுபாடுகளைத் தொகுத்தளித்தனர். மேலைநாட்டு, கல்வி பெற்ற, தொழில்வளம் மிக்க, செல்வம் படைத்த, மக்களாட்சிச் சமுதாயத்தினரே பெரும்பாலும் ஆராயப்படுகின்றனர். அவர்களோ பல கூறுகளில் மனித இனத்தின் பொதுநிலையிலிருந்து விலகி ஓரத்தில் நிற்போர் என்பது அவர்கள் வாதம். எடுத்த பருக்கை மனிதச் சோற்றுக்குச் சற்றும் பொதுவானதன்று எனின், பானையைப் பற்றி அது என்ன சொல்லும்? இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளுக்கும் இவ்வினா பொருந்தும். நகரக் கல்லூரி ஒன்றில் ஆங்கில வினாப்படிவத்தை நிரப்பிய மாணவரைக் கொண்டு, இந்திய இளைஞரின் மனநிலை இது எனத் தலைப்பிடுவதும் அதே பிழைதான்.

தாமே முன்வருவோர்

மாணவரை விடுத்து ஊர்மக்களை அழைத்தால் போதும் எனச் சிலர் கருதினர். யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் கீழ்ப்படிதலைப் பற்றி நடத்திய ஆய்வுக்குச் செய்தித்தாள் விளம்பரத்தின் வாயிலாகவும் அஞ்சல் வாயிலாகவும் நியூ ஹேவன் நகரத்தார் திரட்டப்பட்டனர். 1963இல் வெளியான முதல் ஆய்வறிக்கையில் 20 முதல் 50 வரை அகவையுடைய ஆடவர் 40 பேர் இடம்பெற்றனர். அஞ்சல் எழுத்தர், ஆசிரியர், விற்பனையாளர், பொறியாளர், கூலித் தொழிலாளர் எனப் பல தொழிலினரும் அவருள் இருந்தனர். மாணவரை மட்டும் நம்பிய ஆய்வுகளைவிட இது மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. அவர்களுள் 26 பேர், மறுபுறம் இருப்பவருக்கு வலி நேர்வதாக நம்பியும், ஆணைக்கு அடங்கி இறுதி மின்விசை வரை சென்றனர்.

ஆயினும் விளம்பரம் ஒரு சல்லடை. அதைப் படித்து எழுந்து வருவோர் ஒருசாரார். படித்துவிட்டுத் தாளை மடித்து வைப்போர் மற்றொரு சாரார். ஆய்வுக்குத் தாமே முன்வருவோர் பிறரைவிடக் கல்வி மிக்கோராகவும், பிறரோடு எளிதில் பழகுவோராகவும், பிறர் பாராட்டை விழைவோராகவும் இருக்கும் போக்கு உண்டு என்பதை ராபர்ட் ரோசந்தால், ரால்ஃப் ராஸ்னோ இருவரும் 1975இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினர்.

விளம்பரத்தின் ஒரு சொல்லே சல்லடையின் கண்ணை மாற்றிவிடும். 1971இல் ஃபிலிப் ஜிம்பார்டோ ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் போலிச் சிறை ஒன்றை அமைத்தார். சிறை வாழ்க்கை பற்றிய உளவியல் ஆய்வுக்கு ஆண் மாணவர் தேவை, நாளொன்றுக்கு 15 டாலர் என விளம்பரம் வெளியானது. விண்ணப்பித்த எழுபதுக்கும் மேற்பட்டோரிலிருந்து உடல்நலமும் மனநலமும் சீராக உள்ளோர் எனக் கருதப்பட்ட 24 பேர் தெரிவு செய்யப்பட்டனர். காவலர் எவர், கைதி எவர் என்பது சமவாய்ப்பு முறையில் முடிவு செய்யப்பட்டது. இரு வாரங்களுக்குத் திட்டமிட்ட ஆய்வு, காவலரின் கொடுமை எல்லை மீறவே, ஆறு நாள்களில் நிறுத்தப்பட்டது. சூழல் எந்த நல்லவரையும் கொடியவராக்கும் என்னும் முடிவு உலகெங்கும் பரவியது.

36 ஆண்டுகளுக்குப் பின் தாமஸ் கார்னஹன், சாம் மெக்ஃபார்லேண்ட் இருவரும் எளிய சோதனை ஒன்றைச் செய்தனர். பழைய விளம்பரத்தை ஒத்த இரு விளம்பரங்களை மாணவர் நடுவே வெளியிட்டனர். ஒன்றில் 'சிறை வாழ்க்கை' என்னும் சொற்கள் இருந்தன. மற்றொன்றில் அவை மட்டும் நீக்கப்பட்டிருந்தன. சிறை என்னும் சொல்லைக் கண்டு முன்வந்தோர், வலிய தாக்கும் இயல்பிலும் அதிகார வேட்கையிலும் தன்மோகத்திலும் மிகுந்தும், பிறர் துன்பத்தை உணரும் பண்பில் குறைந்தும் காணப்பட்டனர். அக்கண்டுபிடிப்பு ஸ்டான்ஃபோர்டு ஆய்வின் முடிவை முற்றாக மறுத்துவிடவில்லை. சூழலின் ஆற்றலை மறுப்பதும் அதன் நோக்கமன்று. ஆனால், சிறைக்குள் நுழைந்தவர் பொதுமக்களின் ஒரு கைப்பிடி என்று கொள்ள இனி இடமில்லை.

இங்கு மாணவர் நுணுகி அறிய வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. தெரிவு செய்வது வேறு. ஒதுக்கீடு செய்வது வேறு. ஆய்வினுள் எவர் வருகிறார் என்பதைத் தீர்மானிப்பது தெரிவு. வந்தவரை எக்குழுவில் சேர்ப்பது என்பதைத் தீர்மானிப்பது ஒதுக்கீடு. ஜிம்பார்டோவின் ஆய்வில் ஒதுக்கீடு சமவாய்ப்பு முறையில் நிகழ்ந்தது. ஆகவே, காவலருக்கும் கைதிக்கும் தொடக்கத்தில் பெரிய வேறுபாடு இருந்திருக்க வாய்ப்பில்லை. தெரிவோ அவ்வாறு அமையவில்லை. ஆகவே, அவ்விரு குழுவினரும் சேர்ந்து வெளியுலகினரிடமிருந்து வேறுபட்டிருக்கலாம். முன்னது, காரணத்தைக் கண்டறிய உதவுவது. பின்னது, கண்டறிந்த காரணம் பிறருக்கும் பொருந்துமா என உரைப்பது. ஆய்வறிக்கைகளிலேயே இவ்விரண்டும் குழப்பிக் கூறப்படுவது உண்டு. காலையில் வந்தோரை ஒரு குழுவாகவும் மாலையில் வந்தோரை மற்றொரு குழுவாகவும் அமைத்துவிட்டு, சமவாய்ப்பு முறையில் பிரித்ததாக எழுதுவது அத்தகையது. காலையில் எழுந்து வருவோர்க்கும் மாலையில் வருவோர்க்கும் பழக்கத்திலேயே வேறுபாடு உண்டு.

இனிப்பும் வீடும்

தேர்வில் நேரும் குறை நூலோடு நின்றுவிடாமல் குழந்தைகளின் வாழ்வையும் தொடுவதற்கு வால்டர் மிஷலின் ஆய்வு சான்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாக மழலையர் பள்ளியில் நான்கைந்து அகவைக் குழந்தைகளின் முன் இனிப்பு வைக்கப்பட்டது. உடனே உண்ணாமல் காத்திருந்தால் இன்னொன்றும் கிடைக்கும் என்று கூறி ஆய்வாளர் வெளியே சென்றார். பொறுத்திருந்த குழந்தைகள் பின்னாளில் கல்வியில் சிறந்து விளங்கியதாக 1990இல் வெளியான கட்டுரை காட்டியது. குழந்தைக்குப் பொறுமையைக் கற்பித்துவிட்டால் எதிர்காலம் செழிக்கும் எனப் பெற்றோரும் ஆசிரியரும் நம்பத் தொடங்கினர். அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் பேராசிரியர், மாணவர் முதலிய பல்கலைக்கழகச் சூழலினரின் மக்கள் என்பது பலர் கருத்தில் பதியவில்லை.

2018இல் டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹாவோனன் குவான் ஆகியோர் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு இதனை மீண்டும் ஆராய்ந்தனர். கல்லூரிக் கல்வி பெறாத தாய்மாரின் குழந்தைகளும் பெரும் எண்ணிக்கையில் இடம்பெற்றனர். பொறுமைக்கும் பிற்காலக் கல்விக்கும் இடையிலான தொடர்பு முன்பு கண்டதில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. குடும்பச் சூழலையும் தொடக்கநிலைத் திறன்களையும் கணக்கில் கொண்டபோது அதுவும் பெரும்பகுதி மறைந்தது. நாளை உணவு உண்டா என்பது உறுதியில்லாத வீட்டில், கையில் கிடைத்ததை உடனே உண்பது பொறுமையின்மை ஆகாது, அறிவுடைமை. குழந்தையின் மனவுறுதியைச் சோதித்ததாக எண்ணிய ஆய்வு, ஓரளவேனும் அதன் வீட்டு அடுக்களையையே சோதித்திருக்கக்கூடும். வளமான வீட்டுக் குழந்தைகள் மட்டுமே இருந்த கூறில் இவ்வேறுபாடு வெளிப்பட வழியில்லை.

எத்தனை பேர்?

சமவாய்ப்பு முறையில் எடுத்த கூறின் பருமன் பெருகப் பெருக முடிவின் துல்லியம் கூடும். ஆனால், மெல்லவே கூடும். மக்களுள் எத்தனை விழுக்காட்டினர் ஒரு கருத்தை ஏற்கின்றனர் என அறிய 400 பேரை வினவினால், விடை ஏறத்தாழ 5 விழுக்காடு முன்பின் அமையலாம். அதனை 2.5 ஆகக் குறைக்க 1,600 பேர் தேவை. பிழை பாதியாக, உழைப்பு நான்கு மடங்காக வேண்டும்.

மிகச் சிறிய கூறுகளை நம்பியது அண்மைக் கால உளவியலுக்குப் பெருஞ்சோதனையாயிற்று. வெளியான 100 ஆய்வுகளைப் பன்னாட்டு ஆய்வாளர் கூடி மீண்டும் செய்து பார்த்து 2015இல் முடிவை வெளியிட்டனர். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு குறிப்பிடத்தக்க விளைவைக் காட்டியிருந்தன; மறு ஆய்வுகளில் 36 விழுக்காடே அவ்வாறு காட்டின. சிறிய கூறு இதற்குரிய காரணங்களுள் ஒன்று.

தொடங்கிய எண்ணிக்கையோடு முடிந்த எண்ணிக்கையையும் அறிக்கையில் தேடிப் பார்த்தல் வேண்டும். தேர்வு அச்சத்தைப் போக்கும் எட்டு வாரப் பயிற்சியில் 60 பேர் சேர்ந்து 35 பேர் முடித்தனர் என வைத்துக்கொள்க. இறுதியில் சராசரி அச்சம் குறைந்திருப்பது பயிற்சியின் பயனா, அச்சம் மிகுந்தோர் இடையிலேயே நின்றுவிட்டதன் விளைவா என்பதை விலகிய 25 பேரைப் பற்றி அறியாமல் கூற இயலாது.

அழைப்பும் இசைவும்

எவரை அழைப்பது என்பது அறிவியல் வினா மட்டுமன்று, அறவினாவும் ஆகும். அமெரிக்காவின் அலபாமா மாநிலம் டஸ்கிகியில் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆடவர் 600 பேரை ஆராய்ந்தது. அவருள் 399 பேர் மேகநோய் உற்றவர். நோயின் பெயர் அவர்களுக்கு உரைக்கப்படவில்லை. பென்சிலின் என்னும் மருந்து கண்டறியப்பட்டுப் பரவலாகக் கிடைத்த பின்னரும் அவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. அது மருத்துவ ஆய்வு. எனினும், மனிதரை ஆராயும் துறைகள் அனைத்தையும் அது தலைகுனிய வைத்தது. அவர்கள் தெரிவு செய்யப்பட்டதற்கு அறிவியல் காரணத்தைவிட, ஏழைகள், கேள்வி கேட்க வாய்ப்பற்றோர் என்பதே பெரிய காரணமாக இருந்தது. அதன் விளைவாக அமைந்த குழு 1979இல் வெளியிட்ட பெல்மாண்ட் அறிக்கை, மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி ஆகிய மூன்றையும் அடிப்படை நெறிகளாக வகுத்தது. ஆய்வின் சுமையை ஒரு சாரார் சுமக்க, பயனை வேறொரு சாரார் துய்த்தல் கூடாது என்பது மூன்றாம் நெறியின் பொருள்.

இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், பங்கேற்பாளர் அனைத்தையும் அறிந்து தம் விருப்பத்துடன் இசைவளிக்க வேண்டும் என்றும், எந்நிலையிலும் விலகிக்கொள்ள உரிமையுண்டு என்றும் கூறுகின்றன. சிறுவர்க்குப் பெற்றோர் ஒப்புதல் மட்டும் போதாது. 7 அகவை நிரம்பிய குழந்தையின் வாய்மொழி உடன்பாடும், 12 அகவைக்கு மேற்பட்டோரின் எழுத்துவழி உடன்பாடும் பெறப்படுதல் வேண்டும். வகுப்பாசிரியரே தம் மாணவரை ஆய்வுக்கு அழைக்கும்போது 'விருப்பம் இல்லை' என்று கூற எத்தனை மாணவர்க்குத் துணிவு வரும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

அறமும் துல்லியமும் ஒன்றையொன்று இடிக்கும் தருணங்களும் உண்டு. மில்கிராமின் ஆய்வை மாற்றி அமைத்து நடத்தி 2009இல் முடிவுகளை வெளியிட்ட ஜெர்ரி பர்கர், மனவேதனைக்கு ஆளாகக்கூடியோரை முன்னரே சோதித்து விலக்கினார். அது கட்டாயக் கடமை. அதே வேளையில், அவ்வாறு விலக்கியபின் எஞ்சியோர் பொதுமக்களிடமிருந்து சற்றே வேறுபட்டவராயினர். இதற்கு எளிய தீர்வு இல்லை. விலக்கப்பட்டோர் எவர் என்பதை மறைக்காது எழுதுவதே ஆய்வாளர் செய்யக்கூடியது.

ஆராயப்படுவோரைக் குறிக்க ஆங்கிலத்தில் நெடுங்காலம் வழங்கிய சொல், ஆளுகைக்கு உட்பட்டோர் என்றும் பொருள்படுவது. அதனை விடுத்துப் 'பங்கேற்பாளர்' என்னும் பொருளுடைய சொல்லை வழங்குமாறு அமெரிக்க உளவியல் கழகம் 1990களில் வழிகாட்டியது. தமிழில் எழுதுவோர் தொடக்கம் முதலே பங்கேற்பாளர் என எழுதும் வாய்ப்பைப் பெற்றுள்ளனர்.

கற்பவை கற்றபின்

1. நாளிதழில் வெளியான உளவியல் ஆய்வுச் செய்தி ஒன்றைத் தெரிவு செய்க. அதில் ஆராயப்பட்டோர் எத்தனை பேர், எவ்விடத்தவர், எவ்வாறு அழைக்கப்பட்டனர் என்பனவற்றுள் எவை கூறப்பட்டுள்ளன, எவை விடுபட்டுள்ளன என எழுதுக.

2. உங்கள் பள்ளி மாணவரின் உறக்க நேரத்தை ஆராய 60 பேரைத் தெரிவு செய்யும் திட்டம் ஒன்றை உருவாக்குக. விடுதி மாணவர், தொலைவிலிருந்து பேருந்தில் வருவோர், அன்றைய நாளில் வாராதோர் ஆகியோரை எவ்வாறு சேர்ப்பீர்கள்?

3. குடவோலை முறையில் குலுக்குதல், சிறுவன் எடுத்தல், குடும்புதோறும் ஓலையிடுதல் ஆகிய மூன்றும் கூறெடுப்பின் எவ்வெந்நெறிகளோடு ஒப்பிடத்தக்கன? அம்முறையில் விடுபட்டோர் எவர்?